சோக் அடையாளம் இல்லாத தகடு

போன மாதம் துறைமுகக் கன்ரீனில் எனக்குப் பிரியாவிடை வைத்தீர்கள். பட்டறை மேலாளர் எழுந்து, இந்த மனிதன் கையால் போன வேலை ஒன்றும் திரும்பி வந்ததில்லை என்று சொன்னார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். இங்கேயே, டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டில் பிறந்து வளர்ந்து, இந்த வருடம்தான் எங்களிடம் எஞ்சினியராகச் சேர்ந்த பிள்ளை எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் குனிந்து மெல்லக் கேட்டாள்: "அங்கிள், உண்மையாவே நீங்கள் ஒரு பிழையும் விடேல்லையோ?"

கேக் தட்டைக் கீழே வைத்தேன். பிறகு சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நேரில் சொன்னால் பாதியில் சிரித்து மழுப்பிவிடுவேன். ஆகவே எழுதுகிறேன். காற்றாலைத் தூண்களையும் எண்ணெய் மேடைகளையும் திருத்துகிற உங்களுக்கு, நூறு வயதை எட்டிப் பார்த்த ஒரு துடுப்புச் சில்லுக் கப்பலின் கதை எதற்கு என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். வாசித்துவிட்டுச் சுளியுங்கள்.

நான் தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் இயந்திரங்கள் பூட்டுகிற பிட்டராக இருந்தவன். சண்டை வந்தது, கப்பல் ஓடுவது நின்றது, நானும் ஓடிவந்துவிட்டேன். இங்கே அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். மனைவி றெஜினாவும் மூன்று வயது மகளும் மன்னாரில் நின்றுவிட்டார்கள். அவர்களைக் கூப்பிட எனக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. குடும்ப இணைப்புக்கு விண்ணப்பம் போட்டேன். அது எண்பதுகளின் கடைசி. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் கோபன்ஹேகனில் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன. பின்னால் அது தமிழர் வழக்காகி, அமைச்சர் வரை போய், அரசாங்கமே மாறியதை உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். எங்களுக்கு அப்போது அது தெரியாது. பதில் வராவிட்டால், நாங்கள்தான் ஏதோ பிழை விட்டுவிட்டோம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதில் எனக்கு ஆலோசகர் ஒருவர் இருந்தார். அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் படுத்தவர், பிறகு ஹேர்னிங்கில் துணி ஆலையில் வேலைக்குப் போனவர். ஹேர்னிங் அண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் ஒன்றில் நான் இருந்த எஸ்பியர்க்குக்கு வருவார். எண்பதில் ஓடுகிற ரோட்டில் நாற்பதில் வருவார். பின்னால் வரிசையாகக் கார்கள் கோன் அடித்துக்கொண்டு வரும். "அடிக்கட்டும் தம்பி," என்பார். "பொலிஸ் எனக்குப் பைன் எழுதினா அது எங்கடை விண்ணப்பப் பைலிலை ஏறும். பைலிலை ஒரு கீறலும் விழக்கூடாது."

சிரிப்பாக இருக்கிறதா? நாங்கள் சிரிக்கவில்லை. லைட் இல்லாமல் சைக்கிள் ஓடக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரனோடு கொளுவக்கூடாது, மொழிப் பள்ளிக்கு ஒரு நாளும் பிந்தக்கூடாது, வேலையிடத்தில் கெட்ட பெயர் எடுக்கவே கூடாது. எங்கேயோ ஒரு மேசையில் எங்கள் பைலை ஒருவர் திறந்து வைத்துக்கொண்டு, நாங்கள் செய்வதையெல்லாம் பேனையால் குறித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பினோம். நான் அந்த ஆளைக் கனவில்கூடக் கண்டிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார்.

இந்தப் பயத்தோடுதான் நான் துறைமுகத்தின் வடக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பழங்கப்பல் ஆர்வலர் சங்கத்தார், வெகு காலமாக ஓடாமல் கட்டிக் கிடந்த பழைய நீராவிக் கப்பலொன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அதைத் திருத்தி, மறுபடி ஆட்களை ஏற்றி ஓட்ட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. பட்டறைக்காரர் அதைக் கப்பல் என்று சொல்லமாட்டார்கள், வீட்டுக்கார அம்மா என்ற பொருளில் 'ஃப்ரூஅன்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. நான் மாமி என்று பெயர் வைத்தேன். வயதும் இடுப்பும் பொருத்தமாகத்தான் இருந்தன.

மாமியின் வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள், கேட்கத் தகுந்தது. முதலாம் உலகப் போருக்கு முன்பே, ஃப்யோர்ட் என்கிற கடல்நீரேரிக் கரையிலுள்ள ஊர்களுக்கிடையே ஆட்களை ஏற்றி இறக்கக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்கு, தண்ணீரைத் தள்ளி ஓட்டும் துடுப்புச் சில்லு. பித்தளைக் கைப்பிடி, சிவப்பு வெல்வெட் இருக்கை, ஞாயிற்றுக்கிழமை என்றால் மேல்தளத்தில் வாத்தியக் கோஷ்டி. கல்யாணக்காரர்களும் சந்தைக்காரிகளும் அதில்தான் போனார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. ஒரு நாள் காலை கடற்படைக்காரர் வந்து பயணிகளை இறக்கினார்கள், வெல்வெட் இருக்கைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கினார்கள். சன்னல்களை இரும்பால் அடைத்தார்கள். முன்தளத்தில் பீரங்கி ஒன்றைப் பூட்டினார்கள். பின்தளத்தில் கடற்கண்ணி வாருகிற கம்பிவடத்தை வைத்தார்கள். வெள்ளை உடம்புக்குச் சாம்பல் பெயின்ட் அடித்தார்கள்.

உல்லாசக் கப்பலைக் கொண்டுபோய்க் கண்ணி வாரவிடுவதா என்று எனக்கும் முதலில் விசர்க்கதையாகத்தான் தெரிந்தது. ஆனால் அதில் விசயம் இருக்கிறது. கடற்கண்ணி தண்ணீருக்குக் கீழே மறைந்து நிற்கும். ஆழமாக அமிழும் கப்பல் அதில் முட்டினால் வெடிக்கும். மாமி அதிகம் அமிழாதவள், ஆழமில்லாத சின்ன ஊர்த் துறைகளுக்குள்ளும் போய் ஆட்களை இறக்க வேண்டுமென்று கட்டிய உடம்பு. அந்த உடம்பே கண்ணிகளுக்கு மேலால் தப்பிப் போகவும் உதவியது. நாட்டைப் பிடித்த ஜெர்மன்காரர் வந்தபோது அவர்களுடைய கையில் போனாள். அவர்கள் தோற்றுப் போனதும் திரும்பி வந்தாள். வந்த பிறகுதான் மாமிக்கு உண்மையான வேலை. போட்டவன் போய்விட்டான், கண்ணிகள் கடலில் கிடந்தன. மீன்பிடிக்காரர் கடலுக்குப் போகப் பயந்தார்கள். வாத்தியம் வாசித்து உலாப் போன அந்தக் கப்பல் தினம் தினம் முன்னால் போய் அவர்களுக்கு வழி திறந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை வரும். இன்றும் வருகிறது.

வேலையை மேற்பார்வை செய்த எங்கள் போர்மன் பெரிய உருவம், சின்னக் குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகும். என்னுடைய பெயர் அந்தோனி, அவர் ஆண்டன் என்று கூப்பிட்டார். டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். ஆனால் அவரிடம் நான் பேசியதை எழுதும்போது 'நீங்கள்' என்றுதான் கை போகிறது. அவர் சொன்னதெல்லாம் என் காதில் ஊர்த் தமிழாகவே ஏறியது, அப்படியே தருகிறேன்.

முதல் நாளே கப்பலைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "ஆண்டன், சண்டைக்குப் பூட்டினதெல்லாம் வெளியிலை போகவேணும். அதுக்கு முந்தினதெல்லாம் உள்ளுக்கை இருக்கவேணும். கழட்டவேண்டியதிலை நான் சோக்குக் கட்டியாலை புள்ளடி அடையாளம் போடுவன். புள்ளடி இல்லாததிலை கை வையாதை. சந்தேகமெண்டா என்னைக் கூப்பிடு."

மூன்று மாதத்தில் கை பழகிவிட்டது. பழைய வேலை எது, போர்க்கால வேலை எது என்று தடவிப் பார்த்தே சொல்லுவேன். தகடுகளை இணைக்கும் பழைய ரிவிட் ஆணிகள் வரிசை பிசகாமல் இருக்கும். போர்க்காலத்துக்காரர் அவசரத்தில் அடித்தவை கோணல்மாணல். சில இடங்களில் அரைகுறை வெல்டிங். எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. இப்படி ஒரு வடிவான மாமிக்கு இப்படியா ஒட்டுப் போடுவது என்று திட்டிக்கொண்டே வெட்டினேன். அவலட்சணமான வேலை தேவையில்லாத வேலை என்று எனக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. என்னுடைய பிழை உண்மையில் அங்கேதான் தொடங்கியது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

மாசி மாதம் போர்மன் ஒரு நாள் கோப்பி நேரத்தில் என்னுடைய குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். "மாமி ஓடட்டும், உன்னைப் பற்றி நான் ஒரு கடிதம் எழுதித் தாறன், அதைப் பைலோடை சேர்க்கச் சொல்லு," என்றார். அவர் 'மாமி' என்று சொல்லவில்லை, என்னுடைய காது அப்படி எடுத்துக்கொண்டது. கப்பல் ஓடினால் கடிதம். கடிதம் போனால் றெஜினாவும் பிள்ளையும் வருவார்கள். அன்றிலிருந்து நான் இரண்டு ஆளின் வேலை செய்தேன்.

பங்குனியில் வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். கப்பல் ஆய்வாளர் வந்து மாமியின் உடம்பு முழுவதும் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று போனார். அதன் பிறகு போர்மன் தன் தமக்கையின் செத்தவீட்டுக்காக இரண்டு நாள் லீவு எடுத்தார். மிச்சமிருந்த புள்ளடிகளை நான் முதல் நாளே முடித்துவிட்டேன். இரண்டாம் நாள் என்ன செய்வது என்று தேடினேன். இடது பக்கச் சில்லின் அச்சுத் தாங்கிக்குக் கீழே, உட்பக்கத்தில், மேசைப் பலகை அளவில் ஒரு தகடு. பார்க்கச் சகிக்காத தகடு. ரிவிட்டுகள் ஒன்று மேலே ஒன்று கீழே, ஓரம் சுத்தியலால் அடித்து வளைத்தது, சுத்தப் போர்க்கால வேலை. ஆனால் அதில் சோக் அடையாளம் இல்லை.

போர்மன் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். அவர் வரும்போது இதையும் முடித்து வைத்திருந்தால் எவ்வளவு சந்தோசப்படுவார் என்று நினைத்துக்கொண்டு வெட்டி எடுத்தேன்.

தகடு விழுந்ததும் அதன் பின்னால், கப்பலின் உடம்பைத் தாங்கும் விலா இரும்பு தெரிந்தது. விலாவில் ஒரு வெடிப்பு. மேலிருந்து கீழே, என் முழங்கை நீளத்துக்கு. பழைய வெடிப்பு. அந்தக் கோணல் தகடு அதை இத்தனை வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் அங்கே நின்று முதலில் நினைத்தது கப்பலை அல்ல. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பைலை நினைத்தேன். சொன்னதைக் கேட்காமல் கப்பலை உடைத்தவன் என்று போர்மன் எழுதுவார், வேலை போகும், மூக்குக்கண்ணாடிக்காரர் பேனையை எடுப்பார், றெஜினா வரமாட்டாள். இப்படியே ஒன்றன் பின் ஒன்றாக மனதில் ஓடியது. ரிவிட் ஓட்டைகளை அடைத்தேன். வெடிப்புக்குள் ஓட்டை அடைக்கும் மக்குப் பசையை அழுத்தித் தேய்த்தேன். மேலே துருக்காப்புச் சிவப்புப் பெயின்டை இரண்டு தரம் அடித்தேன். வெட்டிய தகட்டைப் பழைய இரும்புக் குவியலில் அடியில் தள்ளினேன். மிக நேர்த்தியான வேலை, என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாகப் பெயின்ட் அடித்ததில்லை.

அதிலிருந்து வெள்ளோட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. போர்மன் திரும்பி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல வேலை என்று தோளில் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஹேர்னிங் அண்ணை வந்தபோது அவரிடம் மட்டும் விசயத்தைச் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆருக்காவது தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப வாயைத் திறவாதை. நாப்பது வருசம் ஓடின கப்பல், ஒரு நாள் ஓடாதோ?" என்றார். அவர் கெட்ட மனிதரல்ல. தன் பிள்ளைகளின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். அவருக்கும் எனக்கும் ஒரே வருத்தம், அவ்வளவுதான்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கிழவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். போர் முடிந்த காலத்தில் மாமியின் கொதிகலனுக்குக் கரி தள்ளிய பயர்மேன். வெள்ளோட்டத்தில் கீழே எஞ்சின் அறையில் நிற்க வேண்டுமென்று சங்கத்தாரிடம் ஆசையாகக் கேட்டு வாங்கியிருந்தார். பிளாஸ்க்கில் கோப்பி கொண்டு வந்து எனக்கும் ஊற்றித் தந்தார். தலைமன்னாரில் நான் பார்த்த வேலையைச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோசம்.

"அப்ப நீ எங்கடை ஆள்," என்றார். "கேள் ஆண்டன். ஒருக்கா கண்ணி ஒண்டு கம்பியிலை கொளுவுப்பட்டு எங்களுக்குக் கிட்டவா வந்து வெடிச்சது. நான் கீழை நிக்கிறன். இடப்பக்கச் சில்லுக்குக் கிட்ட விலா பிளந்துபோச்சு. கரைக்கு வந்து பட்டறைக்கு விட்டா ரெண்டு மாசம் செல்லும். மீன்பிடிக்காரர் காத்துக்கொண்டு நிக்கினம். எங்கடை எஞ்சினியர் தானே ஒரு தகட்டை அடிச்சுப் போட்டார். பெரிய அவலட்சணம். அவருக்கே வெக்கம், ஆரும் பாத்தா முன்னாலை போய் மறைச்சுக்கொண்டு நிப்பார். ஆனா அந்தத் தகட்டோடை ரெண்டு வருசம் நாங்கள் ஒவ்வொரு நாளும் வீட்டை வந்தம்."

பிறகு எழும்பினார். "வா, அதை ஒருக்காப் பாப்பம்."

நான் அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். வேறென்ன செய்ய? சிவப்புப் பெயின்டுக்கு முன்னால் நின்று தேடினார். "எங்கை அது?" என்று கேட்டார். உள்ளேதான் இருக்கிறது, வடிவுக்காக மேலே பூசியிருக்கிறோம் என்று சொன்னேன். அவர் கையை வைத்துத் தடவினார். "வழுவழுப்பா இருக்கு. நல்லா அடிச்சிருக்கிறாய்," என்றார். என்னை நம்பினார்.

வெள்ளோட்டத்தன்று காலை நல்ல வெயில். கப்பல் முழுக்கச் சிவப்பு வெள்ளைக் கொடி. சின்ன வயதில் மாமியில் போயிருந்தவர்களை முதியோர் இல்லங்களிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். எண்பது பேர் இருக்கும். ஊன்றுகோல்களும் தள்ளுவண்டிகளுமாய் இறங்குதுறையில் நின்றார்கள். கப்பலுக்குள் மேசைகளில் பேஸ்ட்ரி அடுக்கி வைத்திருந்தது. நீராவி ஏறிவிட்டது. ஃபானோத் தீவுப் பக்கம் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. மாமி வெள்ளை உடம்போடு புகை விட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, அந்த நிலையிலும் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்போது பயர்மேன் கிழவர் வந்தார். தோய்த்து மினுக்கிய நீல ஓவரோல் போட்டிருந்தார். எனக்குக் கை காட்டிவிட்டு ஏணியில் கீழே இறங்கினார். அவர் எங்கே போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும். இடது பக்கச் சில்லுக்குக் கிட்ட. அந்த விலாவுக்கு ஒரு முழ தூரத்தில்.

ஒரு முடிவும் நான் எடுக்கவில்லை. தைரியம் வந்தது என்று சொன்னால் அது பொய். கால் தானாக நடந்தது. ஏறுபலகையில் நின்று ஆட்களை ஏற்றத் தொடங்கிய போர்மனிடம் போனேன். எனக்கு அப்போது டேனிஷ் அரைகுறை. நான்கு வசனம்தான் வந்தது. "புள்ளடி இல்லாத தகட்டை வெட்டினனான். பின்னாலை வெடிப்பு இருக்குது. பெயின்ட் அடிச்சு மறைச்சனான். கப்பலை விடாதேங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏறிக்கொண்டிருந்த கிழவியின் கையைப் பிடித்து மெல்லத் திரும்பக் கரையில் இறக்கினார். பிறகு என்னோடு கீழே வந்தார். சட்டைப்பைக் கத்தியை எடுத்துச் சிவப்புப் பெயின்டைச் சுரண்டினார். மக்கு உதிர்ந்தது. வெடிப்பு தெரிந்தது. பக்கத்தில் நின்ற பயர்மேன் கிழவர் வெடிப்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். போர்மன் கத்தியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

மேலே சங்கத் தலைவர் அவரை மறித்தார். ஊர்த் தலைவர் வந்து நிற்கிறார், பத்திரிகைக்காரர் நிற்கிறார், கரையை ஒட்டி ஒரு சுற்று மெல்லப் போய் வந்தால் என்ன, ஆய்வாளர் சரி என்று எழுதித் தந்த தாள் கையில் இருக்கிறதே என்றார். நல்ல நியாயங்கள்தான். நாள் பார்த்து எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு நிற்கிற எந்த மனிதனும் அதைத்தான் சொல்லுவான். போர்மனின் குரல் மிகச் சின்னதாகிவிட்டது.

"தாளிலை இருக்கிற கப்பல் வேறை, இது வேறை," என்றார். "நெருப்பை எடுக்கச் சொல்லுங்கோ."

"என்ன காரணமெண்டு நான் சனத்துக்குச் சொல்லுறது?"

"நான் ஒரு இடத்தை வடிவாப் பாக்காமல் விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ."

என்னுடைய பெயரைச் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

அடுத்து அவர் செய்ததை நான் இன்றைக்கும் நினைத்து வியக்கிறேன். நீராவியை இறக்கச் சொல்லிவிட்டு, அந்த எண்பது பேரையும் ஒவ்வொருவராகக் கை பிடித்துக் கப்பலில் ஏற்றி உள்ளே உட்கார வைத்தார். கட்டியபடியே நின்ற கப்பலில் பேஸ்ட்ரியும் கோப்பியும் கொடுத்தார்கள். பயர்மேன் கிழவரை நடுவில் நிறுத்திக் கண்ணி வாரிய கதையைச் சொல்லச் சொன்னார். கிழவர் சொன்னார். அவலட்சணத் தகட்டின் கதையையும் சொன்னார், அது இப்போது எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை. எல்லோரும் இரண்டு மணித்தியாலம் இருந்து பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். வெள்ளோட்டம் நின்றுவிட்டது என்று ஒருவரும் முகம் கோணவில்லை. உங்களில் யாருக்காவது ஒரு நாள் வேலையை நிறுத்த வேண்டி வரும். நிறுத்துவது பாதி வேலை, அங்கே நிற்கிற சனத்தைப் பார்ப்பது மற்றப் பாதி என்று அன்று கண்டேன்.

ஆள் எல்லாம் போன பிறகு போர்மன் என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்குப் போ என்பார் என்று உடுப்புப் பையோடு போனேன்.

"எத்தினை நாள் தெரியும் உனக்கு?"

"ஒன்பது நாள்."

"ஏன் சொல்லேல்லை?"

பைலைப் பற்றிச் சொன்னேன். மூக்குக்கண்ணாடிக்காரரைக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சன்னலுக்குப் போய் நின்றார்.

"எனக்கு உன்னிலை பொல்லாத கோவம்," என்றார். "அது போக நாள் எடுக்கும். ஆனா உன்னை அனுப்பமாட்டன். சொன்னவனை அனுப்பினா அடுத்தவன் இன்னும் தடிப்பாப் பூசுவான். திங்கக்கிழமை வந்து குவியலிலை கிடக்கிற அந்தத் தகட்டை எடு."

பழைய தகடு அளவுக்கு, பழைய தகட்டையே வைத்துப் பார்த்து, புதுத் தகடு செய்யச் சொன்னார். நான்தான் செய்தேன். இரண்டு கிழமை என்னோடு வேலையைத் தவிர வேறு கதைக்கவில்லை. கோப்பி நேரத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. அந்தத் தண்டனை எனக்குத் தேவையானதுதான். தகடு பூட்டி முடிந்ததும் வந்து தட்டிப் பார்த்தார். தானே சோக்கை எடுத்து, கப்பலில் மிச்சமிருந்த போர்க்கால இரும்பு ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று, இது என்னத்தைத் தாங்குது என்று என்னைக் கேட்டார். பதில் தெரிந்ததை மட்டும் கழற்றினோம். தெரியாததை விட்டுவைத்தோம். சித்திரை கடைசியில் மாமி ஃபானோப் பக்கம் போய் வந்தாள். பயர்மேன் கிழவர் தன்னுடைய இடத்தில் நின்றார். இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் போர்மன் ஒரு கடித உறையைத் தந்தார். அவர் எழுதித் தருவதாகச் சொன்ன கடிதம். அதை நான் மறந்தே போயிருந்தேன், கேட்கவும் எனக்கு முகம் இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். முதல் பாதி நல்லாயிருந்தது. பிறகு இப்படி எழுதியிருந்தார்: 'இவர் என் சொல்லை மீறி ஒரு தகட்டை வெட்டினார். அதை ஒன்பது நாள் மறைத்தார். தன் மனைவியும் பிள்ளையும் வராமல் போய்விடுவார்கள் என்று நம்பிக்கொண்டே, பயணிகள் ஏறும் நேரத்தில் தானாக வந்து என்னிடம் சொன்னார். எனக்குக் கீழே பல பேர் வேலை செய்திருக்கிறார்கள். நான் போகிற கப்பலை இவர் திருத்தியிருக்க வேண்டும் என்று விரும்புவேன்.'

ஹேர்னிங் அண்ணை இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துவிட்டார். "இதையோ அனுப்பப்போறாய்? உனக்கு விசரே? கிழிச்சு எறி." மூன்று நாள் அந்த உறையை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாதியை மட்டும் எழுதித் தாருங்கள் என்று போர்மனிடம் போய்க் கேட்டால், நான் மறுபடி பெயின்ட் அடிக்கிறேன் என்றுதான் பொருள். தபாலில் போட்டேன். போட்ட பிறகு தபால்பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடியுமா என்றும் பார்த்தேன். கை போகவில்லை.

பதில் வரவில்லை. மாதங்கள் போயின. அந்தக் கடிதம்தான் கெடுத்துவிட்டது என்று எத்தனையோ நாள் என்னை நானே திட்டினேன். பிறகு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்ட விசயம் வெளியே வந்து, பத்திரிகைகள் எழுதி, பைல்கள் அசையத் தொடங்கின. றெஜினாவும் மகளும் வந்து சேர்ந்தபோது மகளுக்கு ஏழு வயது. நான் விட்டுவந்த மூன்று வயதுப் பிள்ளையை நான் பிறகு காணவேயில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, அது போகவும் தேவையில்லை.

அவர்கள் வந்து சில காலத்துக்குப் பிறகு, எங்களுக்காக வழக்காடிய வக்கீல் ஒருவர் என்னுடைய பைலின் பிரதியை எடுத்துத் தந்தார். மெல்லிய பைல். விண்ணப்பம், கல்யாணப் பத்திரம், மகளின் பிறப்புப் பத்திரம், போர்மனின் கடிதம். ஒவ்வொன்றிலும் வந்து சேர்ந்த நாளின் முத்திரை. அதற்கு மேல் எந்தத் தாளிலும் ஒரு கோடு இல்லை, ஒரு கேள்வி இல்லை. என்னைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. "இதை ஆரும் வாசிச்ச மாதிரித் தெரியேல்லை," என்றார் வக்கீல்.

மூக்குக்கண்ணாடி போட்ட ஆள் அங்கே இருந்ததேயில்லை. யாருமே வாசிக்காத ஒரு பைலுக்குப் பயந்து நான் ஒரு கிழவரை அந்த விலாவுக்குப் பக்கத்தில் இறங்கி நிற்க விட்டேன். இன்னும் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றிருந்தால் எண்பது பேரோடு கடலுக்கும் விட்டிருப்பேன். நீங்கள் வேறு காலத்துப் பிள்ளைகள், உங்களுக்கு அந்தப் பைல் இல்லை. ஆனால் மேலாளர் என்ன நினைப்பார், அடுத்த பதவி என்னாகும், ஒப்பந்தம் நீளுமா என்று உங்களுக்கும் ஆளுக்கொரு பைல் மனதில் திறந்து கிடப்பது எனக்குத் தெரியும். ஒரு வெடிப்பைக் கண்டால் அந்தப் பைலை மறந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கப்போகிற ஆளை நினையுங்கள். எனக்கு அது ஒன்பது நாள் பிந்தித்தான் வந்தது.

பைலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் றெஜினா அந்தக் கடிதத்தை எடுத்து, இது என்ன என்று கேட்டாள். அதுவரை அவளுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னதில்லை. தமிழில் வாசித்துக் காட்டினேன். தகடு வெட்டியது, ஒன்பது நாள் மறைத்தது எல்லாவற்றையும் கேட்டாள். இதையெல்லாம் எழுதிய தாளை அனுப்பித்தான் எங்களை இவ்வளவு காலம் அங்கே காக்க வைத்தீர்களோ என்று பேசப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

அவள் கடிதத்தை வாங்கி, தனக்கு விளங்காத அந்த டேனிஷ் எழுத்தை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இதை அங்கை ஒருத்தன், ஒரே ஒருத்தன் வாசிச்சிருந்தா," என்றாள், "எங்களை அடுத்த கிழமையே வர விட்டிருப்பான்."